அரம், லாக் வயர், டார்க் ரெஞ்ச்: ஏ.எம்.இ. டிரேடு டெஸ்டுக்கு ஊரிலேயே கையைப் பழக்குவது எப்படி?

ஏ.எம்.இ. என்ற விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்து, டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வில் ஏழாவது மாட்யூலையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டு, சென்னையில் ஒரு ஹேங்கர் (விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகை) வேலைக்கு டிரேடு டெஸ்ட், அதாவது கைவேலைத் தேர்வு, போனேன். ஏழாவது மாட்யூல் என்பது பராமரிப்புச் செய்முறை. 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எடுத்திருந்தேன். டெஸ்டில் கேட்டது இரண்டே வேலை: இரும்புத் துண்டு ஒன்றை அரத்தால் சதுரமாக ராவ வேண்டும், மூன்று போல்ட்டுக்கு லாக் வயர் (போல்ட் தளராமல் கட்டும் வயர்) போட வேண்டும். மேற்பார்வையாளர் என் துண்டின் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தார். வயரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போல்ட்டைக் கழட்ட உதவி பண்ணுது" என்றார்.

நான் படித்த இடத்தில், துண்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றுக்கு எட்டுப் பேர். செய்முறை வகுப்பில் பாதி நேரம் அடுத்தவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததுதான் என் அனுபவம். அந்த டெஸ்ட் முடிந்து கடலூருக்குத் திரும்பி, முதுநகரில் படகு இன்ஜின் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் மூன்று மாதம் சாயங்காலங்களில் நின்றேன். அடுத்த டெஸ்ட் வேறொரு இடத்தில், வேலை கிடைத்தது. கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு இதே நிலையில் முழிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் பழகுவது கை மட்டும்தான். விமானத்தில் எந்த வேலையும் அந்த விமானத்தின் மேனுவல் சொல்கிறபடி, அதற்கு அதிகாரம் பெற்றவரின் பொறுப்பில்தான் நடக்கும். நான் கீழே தரும் அளவுகள் பயிற்சிக்கு.

1. முதலில் ஒரு வைஸ் பிடியுங்கள்

கடலூரில் முதுநகர் துறைமுகப் பக்கம், திருப்பாதிரிப்புலியூர். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு. இங்கெல்லாம் லேத் பட்டறைகளும் சிறிய ஃபேப்ரிகேஷன் கடைகளும் உண்டு. பகலில் போய்க் கேட்காதீர்கள், வேலை நெருக்கடியில் துரத்திவிடுவார்கள். ஆறு மணிக்கு மேல், டீ குடிக்கும் நேரத்தில் போங்கள். "வேலை கத்துக்கணும்" என்று கேட்டால் எடுபிடியாக்கிவிடுவார்கள். "சாயங்காலம் இரண்டு மணி நேரம் வைஸ் மட்டும் வேணும் மேஸ்திரி, அரம் நானே கொண்டு வர்றேன்" என்று கேளுங்கள். பட்டறைக்காரருக்கு இரண்டு பயம்: தன் அரத்தை மழுக்கிவிடுவான், கையை வெட்டிக்கொள்வான். சொந்த அரமும் ஷூவும் கண்ணாடியுமாக நின்றால் இரண்டும் தீர்ந்துவிடும். என் மேஸ்திரி பணம் வாங்கவில்லை. டீயும் வடையும் என் கணக்கு, கடை பெருக்குவதும் நான்தான்.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். மழையும் கரண்ட் கட்டும் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிடும். தையில் ஆரம்பித்தால் பங்குனிக்குள் கை வந்துவிடும். இரண்டு வாரத்தில் கற்றுத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

நான் வாங்கிய விலையைத் தோராயமாகச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். தட்டை அரம் மூன்று, அதாவது 10 அங்குலம் பாஸ்டர்ட் (முரடு), 8 அங்குலம் செகண்ட் கட் (நடுத்தரம்), 6 அங்குலம் ஸ்மூத் (நயம்), பிடியோடு 900 ரூபாய். ஹேக்ஸா பிரேமும் பிளேடுகளும் 350. மூலைமட்டம் 300. நுட்பமாக அளக்கும் வெர்னியர் 1,200. லாக் வயர் பிளையர் 1,400. 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வயர் அரை கிலோ 350. ஸ்குரூ டிரைவர், சென்டர் பஞ்ச் வகையறா 400. ஐந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். இரும்பு பிளேட்டும் அலுமினியத் தகடும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்குங்கள்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பேனர் மலிவாகக் கிடைக்கும். ஸ்பேனர் வாங்கலாம், வாய் அகன்றிருக்கிறதா என்று மட்டும் ஒரு போல்ட்டில் மாட்டிப் பாருங்கள். பழைய அரம் வாங்காதீர்கள். பழைய வெர்னியர் வேண்டவே வேண்டாம். முடுக்கும் பலத்தை (டார்க்) அளந்து முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, பைக் சர்வீஸ் செய்யும் நண்பரிடம் ஒரு வாரம் இரவல் கேட்டால் போதும்.

லாக் வயர் பிளையர் நம் ஊரில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் வாங்கினேன். வயரைச் சென்னைப் பாரிமுனையில் வாங்கினேன். ஜி.ஐ. கட்டுக் கம்பியை வைத்துப் பழகலாம் என்று கடைக்காரர் சொல்வார். அது வெண்ணெய் மாதிரி வளையும். அதில் பழகிய கை ஸ்டெயின்லெஸ் வயரில் தடுமாறும்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: ராத்திரி பட்டறையில் விட்ட அரம் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும். துடைத்து, துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அரத்துக்கு எண்ணெய் தடவாதீர்கள், மறுநாள் வழுக்கும். மூலைமட்டத்துக்கும் வெர்னியருக்கும் மெல்லிய எண்ணெய் பூசலாம்.

3. அரம்: ஐந்து வாரம் இதிலேயே போகும், போகட்டும்

10 மி.மீ. கனமுள்ள இரும்பு பிளேட்டில் 52 மி.மீ. சதுரமாக ஹேக்ஸாவால் அறுத்துக்கொள்ளுங்கள். பிளேடின் பல் முன்னால் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டியவர்களை டிரேடு டெஸ்டிலேயே பார்த்திருக்கிறேன். மெல்லிய தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல். எப்போதும் இரண்டு பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பல் உடையும். அறுத்த துண்டை 50க்கு 50 ஆக ராவுவதுதான் வேலை.

முதல் நாள் நான் ராவியதை மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாங்கொட்டை மாதிரி பண்ணி வெச்சிருக்க" என்றார். நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படித்தான் வரும். காரணம் சுலபம். அரம் முன்னால் போகப் போக, அதன் எடை துண்டுக்கு அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு கையும் ஒரே அழுத்தம் கொடுத்தால் அரம் சீசா பலகை மாதிரி ஆடும். தொடங்கும்போது முன்கை, அதாவது அரத்தின் நுனியில் இருக்கும் கை, அழுத்த வேண்டும், பிடியைப் பிடிக்கிற கை லேசாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டும் சமம். முடிவில் பிடிக்கிற கை அழுத்தும், முன்கை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். இந்த மாற்றம் யோசிக்காமல் வருவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வைஸின் மேல்பகுதி உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பட்டறை வைஸ் பெரும்பாலும் தாழ்வாகவோ உயரமாகவோதான் இருக்கும். நான் ஒரு பழைய மீன் பெட்டிப் பலகையைக் கீழே போட்டு நின்றேன். இடது கால் முன்னால். தள்ளும்போது மட்டும் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். திரும்பி வரும்போதும் அழுத்தினால் பல் மழுங்குவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

பத்து தள்ளுக்கு ஒருமுறை மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம். தெரியாத இடத்தில்தான் ராவ வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்து 50ஐ 47 ஆக்கியவன் நான். ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, அதை ஆதாரமாக வைத்து மற்ற மூன்றையும் அளக்க வேண்டும். நான்கு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக்கொண்டே வந்தால் ஒருநாளும் சதுரம் வராது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள், இரண்டு மணி நேரத்தில், தொடர்ந்து மூன்று துண்டு வந்துவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

அலுமினியத்துக்கு அரமே தனி. இரும்பு ராவிய அரத்தில் ஒட்டிய துகள் அலுமினியத்தில் பதிந்து, அங்கேயே அரிப்பு ஆரம்பிக்கும். கம்பி பிரஷ்ஷும் அப்படித்தான். அலுமினியம் அரத்தின் பல்லுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். ராவுவதற்கு முன் பல்லில் சாக்பீஸ் தேய்த்தால் அவ்வளவாக அடைக்காது. இன்னொரு பொறி பென்சில். தகட்டில் கோடு போட எல்லோர் கையும் பென்சிலுக்குத்தான் போகும். அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா பயன்படுத்துங்கள். வெட்டி எறியப்போகும் கோட்டைத் தவிர வேறெங்கும் ஊசியால் கீறக் கூடாது. கீறிய இடத்தில் பின்னால் விரிசல் விடும்.

4. துளையும் ரிவெட்டும்

இது எல்லா டெஸ்டிலும் வராது, ஆனால் வாய்மொழிக் கேள்வியில் கட்டாயம் வரும். தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணிதான் ரிவெட். எட்டில் ஒரு அங்குல ரிவெட்டுக்கு 30ஆம் எண் டிரில், அதாவது 3.26 மி.மீ. பட்டறையில் 3.3 மி.மீ. பிட் இருந்தால் பயிற்சிக்குப் போதும். ரிவெட்டின் நீளம் தகடுகளின் மொத்தக் கனத்தோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. ஒரு மி.மீ. தகடு இரண்டு என்றால் 2 கூட்டல் 4.8, ஆக 6.8 மி.மீ. அடித்த பிறகு உருவாகும் தலை, ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி.

துளைத்ததும் பிசிறு எடுங்கள். பெரிய டிரில் பிட்டைக் கையால் பிடித்து லேசாக ஒரு சுற்று, அவ்வளவுதான். நானும் ஆர்வத்தில் நாலு சுற்று சுற்றிப் பள்ளமாக்கியிருக்கிறேன்.

5. லாக் வயர்

என்னைத் தோற்கடித்தது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையில் துளையுள்ள போல்ட் கிடைக்காவிட்டால், கால் அங்குல போல்ட் ஆறு வாங்கி மேஸ்திரியிடம் சொல்லி 1.5 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிளேட்டில் மூன்று மூன்றாக முடுக்குங்கள்.

திசையைப் புரிந்துகொள்ள ஒரு வழி. இரண்டு போல்ட்டை இடமும் வலமுமாக எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வலது மரை போல்ட் கடிகாரம் சுற்றும் பக்கம் முடுகும். அப்படியென்றால் வயர் இடது போல்ட்டின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பி, வலது போல்ட்டின் கீழ்ப்பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். ஆங்கில எஸ் எழுத்தின் நடுக்கோடு மாதிரி சாய்ந்திருக்கும். அப்போது எந்த போல்ட் தளர முயன்றாலும் மற்றதை முடுக்கும் பக்கம் இழுக்கும். சாய்வு மாறி இசட் மாதிரி தெரிந்தால் வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் வயரை விரலால் இழுத்து, போல்ட் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று பாருங்கள். மூன்று விநாடி வேலை. அந்த மூன்று விநாடி செலவழித்திருந்தால் என் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

0.032 அங்குல, அதாவது 0.8 மி.மீ. வயருக்கு அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. அடிக்கோலை வைத்து எண்ணிப் பாருங்கள். பிளையரின் குமிழை ஒரே இழுப்பில் இழுத்தால் பத்து, பன்னிரண்டு போய்விடும். அதிகம் முறுக்கிய வயர் இறுகி, அதிர்வில் முறியும். குறைவாக முறுக்கியது தொளதொளவென்று கிடக்கும். பிளையர் வாய் கடித்த இடம் எதுவும் கடைசியில் மிஞ்சக் கூடாது; கடித்த தழும்பில்தான் வயர் அறும். வெட்டி எறியப்போகும் நுனியை மட்டும் கடியுங்கள். முடிவில் கால் முதல் அரை அங்குல வால் விட்டு உள்பக்கமாக மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து அங்கே கையை விடுபவரின் விரல் கிழியும். ஒருமுறை போட்ட வயரை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது.

துளை நேராக வரவில்லை என்றால்? பட்டறைப் பழக்கம், "இன்னும் ஒரு கால் சுத்து விடு" என்று சொல்லும். படகு இன்ஜினில் அது சரி. இங்கே துளைக்காக அளவுக்கு மேல் முடுக்குவதும் தப்பு, கொஞ்சம் தளர்த்துவதும் தப்பு. சொன்ன டார்க் அளவின் இரண்டு எல்லைக்குள் துளை சரியாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா, போல்ட்டையோ வாஷரையோ மாற்றுங்கள். டெஸ்டில் இதை வேண்டுமென்றே வைப்பார்கள்.

வெட்டும்போது நுனியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, விமானத்தில் என்றால் எங்கே விழுந்தது என்று தேடித் தீராது. எத்தனை துண்டு வெட்டினீர்களோ அத்தனை துண்டு டப்பாவில் இருக்க வேண்டும். பட்டறையில் முதல் நாளிலிருந்தே எண்ணிப் பழகுங்கள். ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகுவது, நட்டை வாயில் கவ்வுவது எல்லாம் அங்கே சகஜம். மேஸ்திரியிடம் மற்ற எல்லாவற்றையும் கற்றேன், இதை மட்டும் கற்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

6. டார்க் ரெஞ்ச்

கால் அங்குல, அங்குலத்துக்கு 28 மரையுள்ள போல்ட்டுக்கான பொது அட்டவணை அளவு 50 முதல் 70 இன்ச் பவுண்டு. இது கிட்டத்தட்ட 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச்சில் ஃபுட் பவுண்டு அளவும் இருக்கும். ஒரு ஃபுட் பவுண்டு 12 இன்ச் பவுண்டு. 60ஐத் தப்பான கோட்டில் வைத்த ஒரு நண்பர் போல்ட் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

பிடியின் நடுவில் பிடித்து, நிதானமாக இழுங்கள். கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். "சரியா விழுந்துச்சா" என்று இரண்டாவது தடவை கிளிக் வைத்தால் அளவு கூடிவிடும். வேலை முடிந்ததும் கிளிக் வகை ரெஞ்ச்சைக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். வேலை தொடங்குமுன் காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஸ்டிக்கரின் தேதியை வாய்விட்டுப் படியுங்கள். தேதி தாண்டிய ரெஞ்ச்சை எடுத்துக் கொடுத்துச் சோதிப்பார்கள்.

முன்னால் குரோஃபுட் (ரெஞ்ச் நுனியில் மாட்டும் திறந்த வாய்த் துண்டு) மாட்டினால் கணக்கு மாறும். ரெஞ்ச் நீளம் 10 அங்குலம், நேராக மாட்டிய குரோஃபுட் 2 அங்குலம், வேண்டியது 60 என்றால்: 60ஐ 10ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். 50இல் வைக்க வேண்டும். கணக்குப் போடாமல் 60இலேயே வைத்தால் போல்ட்டுக்கு 72 போய்ச் சேரும், எல்லை 70. குரோஃபுட்டைச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினால் திருத்தம் வேண்டாம். செல்ஃப் லாக்கிங் நட் (தானே இறுகி நிற்கும் நட்) என்றால், அது சும்மா சுற்றும்போதே எடுத்துக்கொள்ளும் டார்க்கை முதலில் அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

போல்ட்டைக் கண்ணளவில் தேர்ந்தெடுக்காதீர்கள். பிரிட்டனில் 1990இல் ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. அதை மாட்டிய 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. பழையதோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்து எடுத்தவை. பாகத்தின் எண்ணைப் படித்துத்தான் எடுக்க வேண்டும்.

7. ஸ்குரூ டிரைவர்

முனை சரியாக உட்கார்கிறதா என்று முதலில் பாருங்கள். பிலிப்ஸ் மாதிரியே தெரியும் வேறு தலைகளும் உண்டு. திருப்புகிற பலத்தை விட அழுத்துகிற பலம் அதிகம் இருக்க வேண்டும். தேய்ந்த முனையைத் தூக்கிப் போடுங்கள். பத்து ரூபாய் பிட்டை மிச்சம் பிடித்தால் ஒரு ஸ்குரூ தலையைத் துளைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.

8. காகிதங்கள்: பழகும் மாதங்களிலேயே தயார் செய்யுங்கள்

பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், படிப்புச் சான்றிதழ், டி.ஜி.சி.ஏ. மாட்யூல் தேர்வு முடிவுகள், ஆதார், பாஸ்போர்ட், புகைப்படம். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தகராறு இன்ஷியலில்தான் வரும். பத்தாவதில் வெறும் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. வேலை கிடைத்த பிறகு விமான நிலைய நுழைவு அனுமதிக்குப் போலீஸ் விசாரணை உண்டு, அங்கே இது இடிக்கும். எனக்கு ஆதார் கடலூர் முகவரி, படித்தபோது தங்கிய அறை லாஸ்பேட்டையில். இரண்டு ஊர், இரண்டு அரசு நிர்வாகம் என்பதால் வாரக்கணக்கில் இழுத்தது. வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பட்டறைப் பயிற்சி லைசென்ஸ் அனுபவக் கணக்கில் சேராது. அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்தவருக்கு பி1.1 லைசென்ஸுக்கு இரண்டு வருட நேரடி விமானப் பராமரிப்பு அனுபவம் வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து செய்த வேலையை அன்றன்றே லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

பட்டறையில் செய்த நல்ல துண்டு இரண்டை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி டெஸ்டுக்கு எடுத்துப் போங்கள். கேட்டால் காட்டலாம்.

9. டெஸ்ட் நாள்

கடலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை பஸ் பிடித்து நேராகப் போனால் கை நடுங்கும். முந்தின இரவே போய்த் தூங்குங்கள். மோதிரம், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஹேங்கருக்குள் போனை எடுக்காதீர்கள், படம் எடுக்கவே கூடாது.

கொடுத்த கருவிகளை முதலில் எண்ணி, பழுது இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். நான் இரண்டாவது முறை போனபோது அரத்துக்குப் பிடி இல்லாமல் வைத்திருந்தார்கள். பிடி கேட்டேன். முதல் முறையாக இருந்தால் அப்படியே ராவியிருப்பேன், பிடிக்குள் செருகும் கூர்வால் உள்ளங்கையில் இறங்கியிருக்கும். துண்டை முடிக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. வயர் போட்டு முடித்து, கருவிகளைத் திரும்ப அடுக்கியபோது மேற்பார்வையாளர், "எத்தனை துண்டு வெட்டின?" என்று கேட்டார். நான்கு என்று சொல்லி டப்பாவை நீட்டினேன். அவர் கவிழ்த்து எண்ணினார்.